போதலை என்றாள் அஞ்சலை

1

சென்ற வாரம் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். நான் வசிக்கும் இந்த வட ஜெர்மானிய ஊரில் அயல்நாட்டவருக்கான அலுவலகம், ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மரச்சாமான் கடையின் மாடியில் இருக்கிறது. எண் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு பெஞ்சில் காத்திருக்க வேண்டும். எனக்கு முன்னால் ஒரு துருக்கிக் குடும்பம். அவர்கள் குழந்தை ஜன்னல் கண்ணாடியில் மூச்சை ஊதுவதும் விரலால் படம் போடுவதுமாக இருந்தது. ஊதிய மூச்சு துளியாகத் திரண்டு, தயங்கி, கீழே வழிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் என் எண்ணைக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் என் பழைய கோப்பைப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் படித்தார்.

"வந்த நோக்கம்: உப்பு நீரைக் குடிநீராக்கும் முறைகளில் ஓராண்டுப் பயிற்சி. முடிந்ததும் தாயகம் திரும்புதல்." நிமிர்ந்து பார்த்தார். "பத்து வருடம் ஆகிறதே, பயிற்சி இன்னும் முடியவில்லையா?"

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். கொஞ்சம் மெதுவாகக் கற்றுக்கொள்கிறவள் என்றேன். முத்திரை குத்திக் கொடுத்தார்.

கால்வாய் ஓரமாக நடந்து வீடு திரும்பினேன். அந்தக் கோப்பில் இருந்த கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் அந்தப் பெண்ணைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று தெரியவில்லை. அவள் எதை விட்டுவிட்டு இங்கே வந்தாள் என்பதை, ஒருவரைத் தவிர ஊரில் யாருக்கும் நான் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன்.

2

என் வேலை தண்ணீரைச் சோதிப்பது. ஏரி, ஆறு, கிணறு என்று சுற்றுவட்டாரத்திலிருந்து குப்பிகள் வரும். காலை எட்டு மணிக்கு வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நாலரைக்கு எழுந்திருப்பேன். இங்கே தண்ணீருக்கு யாரும் அலைவதில்லை. வானம் பாதி நாள் சாம்பல் நிறத்தில் தொங்கிக்கொண்டு, கேட்காமலே கொட்டுகிறது.

வந்த புதிதில் ஒரு வேடிக்கை நடந்தது. உப்பில்லாத நீரை ஜெர்மனில் 'இனிப்புத் தண்ணீர்' என்பார்கள். பாடப்புத்தகத்தில் படித்த அந்தச் சொல்லை ஓர் உணவு விடுதியில் தைரியமாகச் சொல்லிவிட்டேன். பரிமாறியவர் குழம்பிப்போய் ஒரு டம்ளர் எலுமிச்சைப் பானத்தைச் சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொண்டுவந்தார். கடல், ஏரி பற்றிப் பேசும்போதுதான் அந்தச் சொல். மேசையில் கேட்டால் வேறு.

என் மகள் மீனாவுக்கு ஆறு வயது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறாள். ஒருநாள் பேச்சுவாக்கில் "நல்ல தண்ணி" என்றேன்.

"தண்ணீர் என்ன நல்லது செய்தது?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

"உப்புக் கரிக்காத தண்ணியை அப்படிச் சொல்லுவோம்மா."

"அப்படியென்றால் கடல் கெட்டதா?"

அவளுக்கு இந்த ஊர்க் குழாயிலிருந்து இரவும் பகலும் ஒரே மாதிரி வருவதுதான் தண்ணீர். அதற்கு அடைமொழி எதற்கு?

3

அறுபதுகளின் கடைசியில், இயற்பியலில் முதுகலை முடித்த கையோடு, அடையாறு பக்கம் ஓர் அரசு ஆராய்ச்சிக்கூடத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். மயிலாப்பூர்க் குளத்தருகே பஸ் ஏறினால் பாலம் தாண்டி இறங்கலாம். அப்போதெல்லாம் அரசாங்கம் அறிவியலை ஒரு பிள்ளையைப் போலக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தது. ஏழை நாடு தன் தேவைக்குத் தானே கருவி செய்துகொள்ள வேண்டும் என்று எங்கள் சுவரில் எழுதியே வைத்திருந்தார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

எங்கள் திட்டம் எளிமையானது. நீளமான சிமென்ட் தொட்டி, உள்ளே கறுப்பு வண்ணம். அதன்மேல் கூரை போலச் சாய்ந்த கண்ணாடி. தொட்டியில் உப்புத் தண்ணீரை ஊற்றினால் வெயிலில் ஆவியாகும். ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் துளியாகிச் சரிந்து ஓரத்துக் கால்வாயில் விழும். விழுவது நல்ல தண்ணீர். வெயிலும் உப்புத் தண்ணீரும்தான் நம் ஊரில் தட்டுப்பாடு இல்லாமல் கிடைப்பவை.

திட்டத் தலைவர் சண்முகவேல், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தியாகராய நகரில் ஜவுளிக்கடை. ஒரே மகன் கல்லாவில் உட்காராமல் கண்ணாடித் தொட்டி கட்டுகிறான் என்று அவர் அப்பா இரண்டு வருடமாகப் பேசுவதில்லை. எங்கள் வீட்டிலும் பெருமை ஒன்றும் இல்லை.

"எம்.எஸ்ஸி. படிச்சுட்டு வெயில்ல நின்னுண்டு தண்ணி பிடிக்கறாளாம்" என்பாள் அம்மா, பக்கத்து வீட்டு மாமியிடம். "அதை நம்மாத்துக் கிணத்தடியிலயே பண்ணலாமே!"

எலியட்ஸ் கடற்கரைக்குச் சற்று வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில் தொட்டிகளை அமைத்தோம். பெசன்ட் நகர் அப்போது பாதி மணலாகவும் பாதி வரைபடமாகவும் இருந்தது. குப்பத்துக் கிணறு கரிக்கும். பெண்கள் முக்கால் மணி நேரம் போய் வந்து தெருக்குழாயிலிருந்து குடம் சுமந்தார்கள். இந்தக் குப்பத்தின் குடிநீர்த் தேவையைத் தீர்ப்பதுதான் நோக்கம் என்று கோப்பின் முதல் பக்கத்தில் இருந்தது.

4

அஞ்சலைக்கு அப்போது முப்பது வயது இருக்கும். மீன் கூடையோடு சைதாப்பேட்டை மார்க்கெட் வரை போய் வருபவள். தொட்டிகளுக்கு எதிர் வீடு அவளுடையது என்பதால் கண்ணாடியைத் துடைத்து வைக்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தோம். முதல் நாள் அவள் கண்ணாடியோடு கண்ணாடியாக முகத்தை வைத்துப் பார்த்தாள்.

"இன்னாமா இது, பொட்டிக்குள்ள வேர்க்குது?"

"வேர்வை இல்லை அஞ்சலை. அதுதான் நல்ல தண்ணி."

"எல்லாம் ஒண்ணுதான். இந்த வெயில்ல நின்னா யாருக்குத்தான் வேர்க்காது?"

பத்து மணிக்குமேல் சவுக்கு மர நிழலில் உட்கார்ந்து, மணிக்கு ஒரு முறை தண்ணீரை அளந்து பதிவேட்டில் எழுதுவது என் வேலை. அந்த நாட்கள் இன்னும் என் தூக்கத்தில் வருகின்றன. கடல் கண்ணைக் கூசவைக்கும். கட்டுமரங்கள் மணலில் குப்புறக் கிடக்கும். கண்ணாடியின் அடியில் ஒரு துளி இன்னொரு துளியைத் தொட்டு, இரண்டும் சேர்ந்து நகரத் தொடங்கும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவதே தெரியாது. சூரியன் எனக்காகவே உட்கார்ந்து வேலை செய்வது போல இருக்கும்.

ஆனால் பதிவேடு கனவு காணவில்லை. நல்ல வெயில் அடித்தால் ஐந்து குடம். மேகம் மூடினால் ஒன்று. கண்ணாடியின் ஓரத்தை அடைத்திருந்த மக்குப் பசை வெடித்து ஆவி கசிந்தது. குப்பத்தில் நாற்பது வீடுகள்.

மனிதன் நிலவில் இறங்கியதும் அந்த நாட்களில்தான். அஞ்சலை மார்க்கெட்டில் கேட்டுவிட்டு வந்தாள்.

"நெலாவுல எறங்கிட்டாங்கன்னு ரேடியோல சொல்லிக்கினு இருந்தான். அங்க தண்ணி கீதாமா?"

"இல்லையாம்."

"அப்ப இன்னாத்துக்குப் போனாங்க?"

நான் ராக்கெட், விஞ்ஞானம் என்று என்னவோ விளக்கினேன். அவள் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து கேட்டாள். கடைசியில், "எங்களுக்கு ஒரு கொழாய் கேட்டு மனு குடுத்துக்கீறோம். ஆறு மாசமாச்சு. நெலாவே கிட்ட போலக் கீது" என்றாள்.

5

அடுத்த வாரம் தில்லியிலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. திட்டத்தை இன்னொரு வருடம் நீட்டிப்பதா, மூடுவதா என்பதை அவர் முடிவு செய்வார். ஜெர்மனியில் பயிற்சிக்கு ஓர் இடம் இருக்கிறது, நம் குழுவில் ஒருவருக்குக் கிடைக்கலாம் என்றும் பேச்சு இருந்தது.

சேமிப்புத் தொட்டியின் குழாய்க்குச் சண்முகவேல் பூட்டுப் போடச் சொன்னார். இரண்டு நாள் யாரும் எடுக்காவிட்டால் அது நிறைந்து தெரியும். "புது மக்கு நல்லா நிக்கி வசந்தா. கசிவு பாதி கொறஞ்சிட்டு. இன்னும் ஒரு வருசம் குடுத்தா செஞ்சு காட்டிருவேன்" என்றார். நான்தான் பூட்டினேன். அந்த இரண்டு நாளும் பெண்கள் மறுபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்கு நடந்தார்கள்.

வந்த அதிகாரி நல்ல மனிதர். கால்சட்டை முட்டியில் மணல் ஒட்ட மண்டியிட்டு, துளி சரிவதை அவரும் என்னைப் போலவே வாய் திறந்து பார்த்தார். பிறகு, பயன்படுத்துகிறவர்களிடம் பேச வேண்டும் என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் மொழிபெயர்த்தேன்.

"தண்ணீர் போதுமா என்று கேட்கிறார்" என்றேன் அஞ்சலையிடம்.

"போதலை சார்" என்று அவள் அவரைப் பார்த்தே சொன்னாள். "வெயில் நல்லா அடிச்சா அஞ்சு கொடம். மோடம் போட்டா ஒண்ணு. நாப்பது வூடு கீது. இப்ப ரொம்பிக் கீதே, அது ரெண்டு நாளா எங்கள எடுக்க உடாம பூட்டி வெச்சது. தண்ணி நல்லாத்தான் கீது, குத்தம் சொல்லல. ஆனா எங்களுக்குக் கொழாய் வோணும் சார். மனு குடுத்துக்கீறோம், நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "தண்ணீர் நன்றாக இருக்கிறது என்கிறாள். தினமும் எடுக்கிறார்களாம். இன்னும் சில தொட்டிகள் கிடைத்தால் மகிழ்ச்சி என்கிறாள்."

சண்முகவேல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி குறித்துக்கொண்டார். அஞ்சலை என் வாயையே பார்த்தாள்.

"நான் அவ்ளோ சொன்னேன், நீ இத்தினியூண்டு சொல்றியே?"

"இங்கிலீஷ்ல சுருக்கமா சொல்லலாம் அஞ்சலை."

இன்னும் ஒரு வருடம் கிடைத்தால் இவர்களுக்கே நல்லது என்று நான் நம்பினேன். அது பொய்யில்லை. ஜெர்மனியும் மனதில் இருந்தது. அதுவும் பொய்யில்லை. இரண்டில் எது முந்திக்கொண்டு என் வாயைத் திறந்தது என்று பத்து வருடமாக எனக்குத் தெரியவில்லை.

6

திட்டம் நீட்டிக்கப்பட்டது. பயிற்சி இடம் எனக்குக் கிடைத்தது. அம்மா திடீரென்று மாறிப்போய், "எங்காத்துப் பொண்ணு ஜெர்மனி போறா" என்று மாட வீதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். குளிர் தாங்குமா என்று அப்பா கம்பளி தேடினார்.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது அஞ்சலை ஆராய்ச்சிக்கூட வாசலுக்கு வந்தாள். காவலாளி உள்ளே விடவில்லை, நான் வெளியே போனேன். முந்தானை முடிச்சிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தாள்.

"இன்னா எழுதிக்கீதுன்னு படி."

அவர்கள் கொடுத்த மனுவுக்கு வந்த பதில். படித்தேன். "அறிவியல் திட்டத்தின் வாயிலாக இக்குப்பத்தின் குடிநீர்த் தேவை நிறைவு செய்யப்பட்டிருப்பதால், தெருக்குழாய் கோரும் மனு பரிசீலனைக்கு உரியதன்று." இந்த முறை ஒரு சொல்லையும் சுருக்கவில்லை. அவளுக்குப் புரியும்படி மறுபடியும் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தாள். பஸ் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

"அன்னிக்கி நீ சுருக்கமா சொன்னியே, அதுதானா இது?"

"ஆமாம்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "வாயால சொன்னத கையால எழுதி மாத்து. நீ படிச்சவதானே" என்றாள். தாளை வாங்கி முடிந்துகொண்டு நடந்துவிட்டாள்.

அன்று மாலையே எழுதினேன். அஞ்சலை சொன்னது என்ன, நான் சொன்னது என்ன, குழாயைப் பூட்டியது, ஒவ்வொரு நாளும் கிடைத்த அளவு, எல்லாம். தில்லிக்கு ஒன்று, குழாய்க்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு ஒன்று. சண்முகவேலிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார்.

"இத இப்பக் குடுத்தா உங்க பயணம் நின்னு போயிரும்."

நிற்கட்டும் என்று நான் சொன்னதாக எழுத எவ்வளவோ ஆசை. சொல்லவில்லை. பேசாமல் நின்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

"நீங்க போங்க. விமானம் கிளம்பின மறுநா நானே கொண்டுபோய்க் குடுக்கேன். என் கையெழுத்தும் போடுதேன். பூட்டச் சொன்னது நாந்தான?"

"உங்க வேலைக்கு ஏதாவது ஆனா?"

"ஆனா ஜவுளிக்கடை இருக்கு" என்று சிரித்தார். அந்தக் கடைக்கு அவர் ஒருபோதும் போகமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நான் தெரிந்தேதான் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினேன்.

இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு நீலக் கடிதம் வந்தது. கடிதங்களைக் கொடுத்துவிட்டார். விசாரணை நடந்தது, திட்டம் மூடப்பட்டது. அவரை நூலகப் பிரிவுக்கு மாற்றி அட்டவணை எழுத வைத்தார்கள். ஒன்றரை வருடம் கழித்து இன்னொரு கடிதம்: குப்பத்தில் குழாய் வந்துவிட்டது. அதில் குறை ஒன்றும் சொல்லவில்லை. நான் பொங்கல் வாழ்த்து அட்டைகள் அனுப்பினேன். ஓராண்டுப் பயிற்சி இரண்டாண்டாயிற்று, பிறகு வேலை, பிறகு கல்யாணம், மீனா. அட்டைகளும் நின்றுபோயின.

7

இந்த மார்ச்சில் என்னை ஒரு குழுவில் உட்காரச் சொன்னார்கள். வளரும் நாடுகளின் ஆராய்ச்சிக்கூடங்களுக்கு இந்த அரசாங்கம் உதவி தருகிறது. விண்ணப்பங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். மழையே பெய்யாத ஒரு தீவு நாட்டிலிருந்து தெரேசா என்ற இளம்பெண் வந்திருந்தாள். வெயிலில் தண்ணீர் வடிக்கும் திட்டம். எங்களுடையதைப் போலத்தான், கொஞ்சம் மேம்பட்டது. அவள் பேசியது போர்த்துகீசியம், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்.

அவளுடைய பதிவேடு கைமாறி என்னிடம் வந்தது. ஒருநாள் நாற்பது லிட்டர். மறுநாள் மூன்று. அதற்கு மறுநாள் கண்ணாடி உடைந்தது, ஒன்றுமில்லை. பக்கத்திலிருந்தவர் உதட்டைப் பிதுக்கினார். "அவர்களால் இதை நடத்த முடியாது. எண்களே சொல்கின்றன."

எனக்குப் படபடப்பு வந்தால் ஜெர்மனில் வினைச்சொல் இடம் மாறிப் போய் விழும். அன்று ஏறக்குறைய எல்லா வாக்கியத்திலும் விழுந்தது. இருந்தாலும் எழுந்து நின்று சொன்னேன். குப்பம், பூட்டு, அஞ்சலை சொன்னது, நான் சொன்னது, திரும்பி வந்த மனு. என் கணவரிடம்கூட முழுதாகச் சொல்லாத கதையை ஒன்பது அந்நியர்களிடம் சொன்னேன்.

"இந்த மூன்று லிட்டரைப் பதிவேட்டில் எழுதுவதற்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும்" என்றேன். "என்னிடம் அது இருக்கவில்லை. ஐம்பது என்று எழுதினால்தான் உதவி என்றால், எல்லோரும் ஐம்பது என்றுதான் எழுதுவார்கள். மேகம் மூடிய நாளுக்கும் சேர்த்துக் கொடுங்கள்."

தெரேசா மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தாள். அவர் தாழ்ந்த குரலில் நெடுநேரம் சொன்னார். பாதியில் அவள் என் பக்கம் திரும்பினாள், பிறகு பார்வையை எடுக்கவே இல்லை.

இரண்டு வருட உதவிக்குச் சம்மதித்தார்கள். நான் கேட்டபடி ஒரு நிபந்தனையும் சேர்ந்தது: இந்தத் திட்டத்தைக் காரணம் காட்டி அந்தக் கிராமத்துக்குக் குழாய் போடுவதை யாரும் நிறுத்தக் கூடாது.

அதற்குப் பிறகுதான் சண்முகவேலுக்கு எழுதத் துணிந்தேன். பழைய முகவரிதான். நடந்ததையெல்லாம் எழுதி, அஞ்சலை அங்கேயே இருந்தால் அவளுக்கும் படித்துக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தேன். மாதக்கணக்கில் பதில் இல்லை. நான் அயல்நாட்டவர் அலுவலகத்துக்குப் போய் வந்த மூன்றாம் நாள் அவர் பதில் வந்தது.

நூலகத்தில் நாலு வருடம் இருந்தாராம். பிறகு கைப்பம்புகளைச் சோதிக்கும் பிரிவுக்கு ஆள் தேவைப்பட்டு இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்போது அதற்குத் தலைவர். "ஊர் ஊராகப் போய் பம்பு அடித்துப் பார்க்கிறேன். அப்பா கடைசி வரை பேசவில்லை. எனக்கு வருத்தம் உங்கள்மேல் இல்லை, அட்டைகள் நின்றதில்தான் இருந்தது" என்று எழுதியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போய், குழாயடியில் வைத்தே அஞ்சலைக்கு என் கடிதத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார். இரண்டு முறை படிக்கச் சொன்னாளாம். அவள் சொன்ன பதிலை ஒரு சொல்லும் விடாமல் எழுதுகிறேன் என்று குறிப்பிட்டு, கடைசி வரிகளை இப்படி முடித்திருந்தார்:

"அந்தப் பொண்ணு இன்னும் அங்கதான் கீதா? ஒரு தபா வந்துட்டுப் போவச் சொல்லு சார். வந்தா இந்தத் தண்ணியக் குடிச்சிட்டுப் போவட்டும். ஆனா காலங்காத்தால வரச் சொல்லு. ஆறு மணிக்கு உடுவான், ஏழுக்கெல்லாம் நின்னுடும்."